பால்சுறா வந்துச்சு, பால் போச்சு

இன்னைக்கு எவளாவது என்கிட்ட வந்து "பால்தானட்டி, நாளைக்குச் சொரக்காதா"ன்னு கேட்டா பால் எடுக்குத பம்பைத் தூக்கி மூஞ்சிலயே எறிஞ்சிருவேன், சொல்லிட்டேன்.

9 கவரு தாய்ப்பாலு. ஒவ்வொண்ணும் 100 மில்லி. கூட்டிப் பாத்தா ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. பால்காரர்ட்ட வாங்குனா 60 ரூவா கூட ஆவாது, அதனாலதான் போல வீட்ல ஒருத்தருக்கும் வலிக்கல.

அந்த 900 மில்லி எப்படி வந்துச்சுன்னு பம்ப் பண்ணுனவளுக்குத்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டுலகூட 2015லயே பாலூட்டுத ரூம் வந்துட்டு, எங்க ஆபீஸ்ல எனக்குக் கெடச்சது பழைய ஃபைலு அடுக்குத ரூமு. கதவுக்குக் கொண்டி கிடையாது, சேரை முட்டுக் குடுத்துட்டு 20 நிமிசம் கர்ர் கர்ர்னு உக்காந்திருக்கணும், அதுல 60 மில்லி வந்தா அன்னைக்குத் தீவாளி. கரெக்டா அப்பத்தான் ஒருத்தர் கதவைத் தட்டுவாரு, "மேடம், ஜெராக்ஸ் பேப்பர் உள்ள இருக்கு." பிள்ளைக்கு 15 மாசம் ஆவுத வரைக்கும் தெனம் ரெண்டு தடவ இதுக்குன்னே இடைவேளை குடுக்கணும்னு 1961ல இருந்தே சட்டத்துல இருக்கு சார்னு சொன்னா, "டீ டைம்லயே முடிச்சிக்கிடலாமேம்மா"ங்காரு. சரி சார், நீங்க டீயை பாத்ரூம்ல குடிங்க.

அதை ஐஸ் பேக் வச்ச பையில போட்டு, வண்ணாரப்பேட்டை டிராபிக்ல குழந்தையவே தூக்கிட்டு வாரது மாதிரி மடியில வச்சிக் கொண்டாந்து, தேதி எழுதி, ஃப்ரீசர்ல படுக்கப் போட்டுருப்பேன். கீழ்த்தட்டுல வச்சா 4 நாள்தான் தாங்கும், ஃப்ரீசர்ல 6 மாசம்னுதான் இந்த ரெண்டு கதவு பிரிட்ஜையே தவணையில வாங்குனது.

இன்னைக்கு சாயங்காலம் 6 மணிக்கு வீட்டுக்குள்ள காலை வைக்கேன். அடுப்படி மேடையில, கிரைண்டர் பக்கத்துல, ஒரு சில்வர் தட்டு. தட்டுல என் 9 கவரும் வரிசையா. தண்ணி சொட்டும்னு அடியில துண்டு வேற விரிச்சிருக்காவ. என்னா அக்கறை! தேதி எழுதுன மையெல்லாம் கரைஞ்சி ஓடிட்டு.

"தூத்துக்குடியில இருந்து பெரியம்மை மீன் கொண்டாந்தாவ, ஃப்ரீசர்ல எடம் இல்ல, அதான் எடுத்து வெளிய வச்சேன்"ங்காவ அத்தை.

எப்போ அத்தை?

"காலையில ஒரு 10 மணி இருக்கும்."

10 மணி! சித்திரை மாசம், திருநவேலி, 8 மணி நேரம்! அதுல பெரியம்மை கவரைத் தூக்கிப் பிடிச்சிப் பாத்துட்டு "திரிஞ்சி போச்சு போலட்டி"ங்காவ. அது திரியல பெரியம்மை, கொழுப்பு அப்படித்தான் மேல ஏறி நிக்கும், லேசா சுழட்டுனா சேந்துரும், கெட்டது அதனால இல்ல, நீங்க வெளிய எடுத்து வச்சதால. "அப்ப திரும்ப உள்ள வையி, கல்லு மாரி ஆயிரும்லா." உருகுனதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாதுன்னு நான் சொல்லுதேன், அவிய "ஐஸ்கிரீமை வைக்கோம்லா"ங்காவ. என் வீட்டுக்காரரு செல்லுல இருந்து தலையத் தூக்காமலே, "மீனை வெளிய வச்சா நாறிரும்லா"ங்காரு. நீதிபதி!

சிங்க்ல கொட்டப் போனேன், கை வரல. உடனே அத்தை ஓடி வந்து, "கால் மிதிபடக் கூடாது, செம்பருத்தி மூட்டுல ஊத்து"ங்காவ. காலையில 10 மணிக்கு எங்க போச்சு அத்தை இந்த மரியாதை? ஒவ்வொரு கவரா கிழிச்சி ஊத்துனேன். 9 கவரு. செடி மட்டும் இனி கொழுகொழுன்னு வளரும்.

அதுக்கப்புறந்தான் கேக்கேன், என்ன மீனு பெரியம்மைன்னு.

பால்சுறா.

"நீ வேலைக்குப் போறவ, பால் வத்திரக் கூடாதுல்லா, அதான் விடியக்காலம் போயி வாங்குனேன்"ங்காவ. எனக்குப் பால் சொரக்கணும்னு வந்த மீனுக்கு எடம் விடத்தான் என் பாலு வெளிய போயிருக்கு. நான் மூட்டுல உக்காந்தபடியே சிரிக்கேன், அத்தை பயந்துபோயி துன்னூறு எடுக்கப் போயிட்டாவ.

சுறாப் புட்டு நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டு தடவ வாங்கித் தின்னேன். ஆனா அதுக்கு ரெண்டு கை பூடு உரிச்சது யாருங்கிய? நான்தான். மிச்சம் அரைக் கிலோ சுறா இன்னும் ஃப்ரீசர்லதான் இருக்கு, ராத்திரி எடுத்த கவரை எங்கன வைக்கன்னு தெரியாம கையில பிடிச்சிட்டு நிக்கேன்.