கடைசி ஆள் வந்ததும் எழுந்து கிளம்புவதற்குப் பெயர் காத்திருப்பதா?

ஆறு பேர் சேர்ந்து நடக்கப் போனோம். இளவேனில் காலம். மலைச்சரிவும் வயலும் மேய்ச்சல் நிலமுமாக 12 கிலோமீட்டர், நடுவே 300 மீட்டர் ஏற்றம். வந்து இரண்டு நாளாகியும் மனசு ஆறவில்லை.

முதல் ஏற்றத்திலேயே இரண்டு பேர் விறுவிறுவென்று போய்விட்டார்கள். மேலே உட்கார்ந்து தண்ணீர் குடித்து, படம் எடுத்துக் கால் மணி நேரம் இளைப்பாறியிருக்கிறார்கள். நாங்கள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்ததுதான் தாமதம், "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா?" என்று எழுந்துவிட்டார்கள். வேகமாக நடக்கிறவருக்கு ஓய்வு, களைத்து வந்தவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. இது என்ன நியாயம்? ஓய்வில்லாத கால்தானே ஈரச் சேற்றில் இறங்கும்போது வழுக்கும்?

"இரண்டு மணி நேர நடைதானே" என்கிறார்கள். வில்லியம் நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892-லேயே இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார். இன்றைய அளவில், மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். எங்கள் பாதைக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் வருகிறது. அதுவும் உட்காராமல் நடந்தால்!

என்னால் பொறுக்கவே முடியாதது கேட் விஷயம். மேய்ச்சல் நிலத்துக் கேட்டை எப்படிப் பார்த்தோமோ அப்படியே விட்டுப் போக வேண்டும். மூடியிருந்தால் மூட வேண்டும், திறந்திருந்தால் தொடக்கூடாது. முன்னால் போனவர்கள் மூடியிருந்த கேட்டைத் திறந்து, பின்னால் வருகிறவர்கள் மூடுவார்கள் என்று போய்விட்டார்கள். இருபது நிமிடம் கழித்து வந்த நாங்கள், விவசாயியே திறந்து வைத்திருக்கிறார் என்று நினைத்து அப்படியே விட்டோம். குட்டி போட்ட ஆடுகள் இருந்த இடம். நாங்கள் அடுத்த சரிவு ஏறுவதற்குள் தாய் ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம், பாதி மந்தை இளம்பயிருக்குள். அந்தக் கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. ஓடி வந்த விவசாயியிடம் தலைகுனிந்து நின்று திட்டு வாங்கியது நாங்கள் நான்கு பேர். திறந்தவர்கள் அப்போது கண்ணுக்கெட்டாத தூரத்தில்!

அடுத்த நடைக்குத் தேதி கேட்கிறார்கள். கடைசி ஆள் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் எல்லாரும் எழ வேண்டும். கடைசி ஆள் தாண்டும்வரை ஒருவர் கேட்டருகே நிற்க வேண்டும். இரண்டுக்கும் சம்மதம் என்றால் வருகிறேன். இல்லையென்றால் என்னைக் கூப்பிடாதீர்கள்.