ஐன்ஸ்டீன் கணக்கில் ஃபெயிலா? சான்றிதழ் வேறு சொல்கிறது

தேர்வு முடிவு வரும் நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் தவறாமல் சுற்றும்: "ஐன்ஸ்டீனே பள்ளியில் கணக்கில் ஃபெயில்!" மார்க் குறைந்த பிள்ளையைத் தேற்ற நினைப்பது சரி, ஆனால் செய்தி பொய்.

1896-இல் சுவிட்சர்லாந்தின் ஆராவ் ஊர்ப் பள்ளி அவருக்குக் கொடுத்த இறுதிச் சான்றிதழ் இன்றும் இருக்கிறது. அல்ஜீப்ரா 6, வடிவியல் 6. பிரெஞ்சில்தான் 3. இந்த 6-ஐப் பார்த்துத்தான் சிலர் ஏமாந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் 1தான் முதல் தரம், 6 என்றால் கடைசி. சுவிட்சர்லாந்தில் அப்படியே தலைகீழ், 6தான் உச்சம்.

அப்புறம், "நுழைவுத்தேர்வில் தோற்றார்" என்று ஒரு வரியும் சேர்த்துக்கொள்வார்கள். அதில் பாதி உண்மை. 1895-இல், வழக்கமான வயதுக்கு இரண்டு வருடம் முன்பே, 16 வயதில் சூரிக் பாலிடெக்னிக் தேர்வை எழுதினார். கணிதமும் இயற்பியலும் பிரமாதம். மொழி போன்ற பொதுப் பாடங்களில் சறுக்கினார்.

இந்தக் கதை அவர் உயிரோடு இருந்தபோதே கிளம்பிவிட்டது. 1935-இல் ஒரு பத்திரிகைத் துணுக்கை அவரிடமே காட்டினார்கள். கணக்கில் தோற்றதே இல்லை, 15 வயதுக்கு முன்பே நுண்கணிதம் கைவந்துவிட்டது என்று சொன்னார்.