முதலில் சத்த அளவைச் சமப்படுத்துங்கள், அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்

மூன்று வாரம் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஒப்பீட்டு வீடியோக்களாகக் கேட்டுத் தள்ளியிருக்கிறேன். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசர் கீபோர்டின் ஒலி நன்றாக இருக்குமா, மூன்று நான்கு வருஷம் கழித்து வந்த டிஎக்ஸ்7 II-இன் ஒலி நன்றாக இருக்குமா? இவ்வளவுதான் கேள்வி. எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கிறது. "பழசு கும்முனு இருக்கு, புதுசு சப்புனு இருக்கு." எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் ஒருவரிடமும் விவரம் இல்லை. எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

இரண்டும் டிஜிட்டல் கருவிகள். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-இல் கண்டுபிடித்த எஃப்எம் முறைதான், அதாவது ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை அசைத்து ஒலி உண்டாக்கும் முறைதான், இரண்டுக்கும் அடிப்படை. அலைகளை உண்டாக்கும் ஆறு ஆபரேட்டர்கள், அவற்றை இணைக்கும் 32 விதங்கள் (அல்காரிதம்கள்), ஒரே நேரத்தில் ஒலிக்கும் 16 குரல்கள் என்பதிலும் மாற்றம் இல்லை. ஒரு பேட்ச், அதாவது ஒரு ஒலிக்கான அமைப்பு, என்பது வெறும் எண்களின் பட்டியல். அதே எண்களை இரண்டிலும் ஏற்றினால் உள்ளே நடக்கும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய வித்தியாசம் அந்தக் கணக்கை மின்சார ஒலியாக மாற்றும் இடத்தில் வருகிறது. முதல் மாடலில் அந்த வேலையைச் செய்யும் டிஏசி 12 பிட். அது போதாது என்பதால் ஒலியின் அளவுக்கு ஏற்ப ஏற்றி இறக்கும் ஓர் ஏற்பாட்டையும் கூடவே வைத்தார்கள். அதனால்தான் அதில் ஒரு சன்னமான இரைச்சலும் கரகரப்பும் இருக்கும். இரண்டாவதில் 16 பிட், ஒலி துப்புரவாக வரும். கரகரப்புப் பிடித்தவர் பழசை வாங்கட்டும், பிடிக்காதவர் புதுசை வாங்கட்டும். அதில் எனக்குச் சண்டையே இல்லை.

ஆனால் இவர்கள் ஒப்பிடுகிற லட்சணத்தைப் பாருங்கள். முதல் மாடலுக்கு ஒரே ஒரு மோனோ அவுட்புட். டிஎக்ஸ்7 II-க்கு ஸ்டீரியோ. அதோடு இரண்டு பேட்ச்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, லேசாக டியூன் விலக்கி வாசிக்கவும் அதில் வசதி உண்டு. ஒருவர் அந்த இரட்டை ஒலியைப் போட்டுக்காட்டி "புதுசுதான் அகலம்" என்கிறார். இன்னொருவர் பழசுக்கு மட்டும் ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) போட்டுவிட்டு "இதில்தான் ஆழம்" என்கிறார். ரிவெர்பின் ஆழத்தைக் கீபோர்டின் கணக்கில் எழுதினால் எப்படி?

சத்த அளவு இதைவிட மோசம். ஒரு டெசிபல் கூடினாலே போதும், சத்தம் கூடியது என்று காதுக்குத் தெரியாது, ஒலி "நன்றாக" இருப்பதாகத்தான் தோன்றும். சத்தம் குறைந்தால் நம் காதுக்கு பாஸ் (தாழ்ந்த ஒலி) குறைந்து கேட்கும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். நான் பார்த்த வீடியோக்களில் முக்கால்வாசியில் பழைய கருவியின் சத்தம் தெளிவாகவே கூடுதல். அப்புறம் கும்மென்று இல்லாமல் வேறெப்படி இருக்கும்? ஒருவரிடம் அளவைச் சமப்படுத்தினீர்களா என்று கேட்டேன். "காதை நம்புங்க ப்ரோ" என்று பதில் வந்தது.

வெலாசிட்டியை, அதாவது கட்டையை எவ்வளவு வேகமாக அடிக்கிறோம் என்ற அளவைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. முதல் மாடலின் கட்டைகளை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் கருவிகள் தங்களுக்குள் தகவல் அனுப்பும் மிடியில் உச்ச அளவான 127 வராது, அதற்குக் கீழேயே நின்றுவிடும். அந்தக் காலத்துப் பேட்ச்கள் எல்லாம் அந்த விரல் அழுத்தத்துக்கு அமைத்தவை. எஃப்எம்-இல் அழுத்தம் கூடினால் சத்தம் மட்டும் கூடாது, ஒலியின் கூர்மையும் ஏறும். அதே பேட்சை இன்றைய கீபோர்டிலிருந்து 127 வரை அடித்து வாசித்துவிட்டு "ஐயோ, காதைக் குத்துகிறது, பழைய இதம் இல்லை" என்கிறார்கள். டிஎக்ஸ்7-ஐக் கணினியில் போலச் செய்யும் டெக்ஸெட் மென்பொருளுக்கும் இதே பழிதான் விழுகிறது. உங்கள் கை செய்ததற்குக் கருவி என்ன செய்யும்?

கடைசியில் நானும் ஒரு பழைய டிஎக்ஸ்7 வாங்கினேன். "அசல் ஃபேக்டரி சவுண்ட் சார், எதிலும் வராது" என்றுதான் விற்றவர் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளே இருந்த 32 பேட்ச்களில் பாதி யாரோ கை வைத்தவை. இ.பியானோ 1 என்று பெயர் இருக்கிறது, உள்ளே எண்கள் வேறு. நாற்பது வருஷமாகக் கை மாறி வந்த கருவியில் அப்படித்தான் இருக்கும். இது தெரியாமல் இரண்டு கருவிகளிலும் அந்த இ.பியானோ 1 இருக்கவேண்டிய 11-ஆம் எண்ணை அழுத்திவிட்டு "பாருங்கள், தலைமுறை வித்தியாசம்" என்று எத்தனை பேர் சத்தியம் செய்திருப்பார்கள்!

நண்பரின் டிஎக்ஸ்7 II-வைப் பக்கத்தில் வைத்து, யமஹா கொடுத்த முதல் ரோம் தொகுப்பின் (ஃபேக்டரி ஒலிகளின்) 32 பேட்ச்களையும் இரண்டிலும் புதிதாக ஏற்றினேன். ஒரே மிடி பதிவை இரண்டுக்கும் அனுப்பினேன். மோனோ, எஃபெக்ட் எதுவும் இல்லை, மீட்டரைப் பார்த்துச் சத்த அளவும் சமம். எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டோம். ஓங்கி வாசித்த பியானோ கார்டுகளில் நண்பரும் தடுமாறினார், நானும் தடுமாறினேன். டியூப் பெல்ஸ் போட்டபோதுதான் பிடிபட்டது. மணி அடித்து, ஒலி தேய்ந்து தேய்ந்து அடங்குகிற அந்தக் கடைசி சில நொடிகளில் பழசு மெல்லக் கரகரக்கிறது, புதுசு அமைதியாகக் கரைகிறது. எனக்குப் பழசின் அந்தக் கரகரப்புதான் பிடித்தது. அதைக் கேட்கத்தான் மூன்று வாரம் அலைந்தேன். ஒரு வீடியோவிலாவது அந்த இடம் கேட்டதா? எல்லாரும் ஒலி அடங்கும் முன்பே அடுத்த பேட்சுக்குத் தாவிவிடுகிறார்கள்.