அகன்ற பட்டை என்று எதைச் சொல்கிறோம்?

வட்ட முனைவாக்கம் (அலையின் மின்புலம் சுழன்றுகொண்டே செல்வது) கொண்ட டி.ஆர்.ஏ. (மின்காப்புப் பொருளாலான ஒத்ததிர்வு ஆன்டெனா) வடிவமைப்புகளைப் பற்றிய மாணவர்களின் அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆதங்கம் எழுகிறது. அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை அதிர்வெண் வாரியாகச் சொல்லும் எஸ்-11 வரைபடம் ஒன்றை மட்டும் காட்டி, இது அகன்ற பட்டை ஆன்டெனா, அதாவது பரந்த அதிர்வெண் எல்லையில் இயங்குவது, என்று முடித்துவிடுகிறார்கள்.

உலோகத் தகடு இல்லாமல் பீங்கான் துண்டு ஒன்றே அலைகளை வீசும் ஆன்டெனாவாகும் என்பதை ஸ்டூவர்ட் லாங்கும் அவருடைய சகாக்களும் 1983இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். அந்தப் பொருளின் மின்காப்பு மாறிலி (மின்புலத்தில் அது எவ்வளவு ஆற்றலைத் தேக்கும் என்பதன் அளவு) கூடக்கூட ஆன்டெனா சிறுக்கும், கூடவே பட்டையும் குறுகும்; ஆகவே அகலம் வேண்டுவோர் மாறிலி 10 அளவிலோ அதற்குக் கீழோ உள்ள பொருளைத் தேடுகிறார்கள்.

வட்ட முனைவாக்கத்துக்கு, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு அதிர்வுகள் சம வீச்சோடும் 90 பாகை கட்ட வேறுபாட்டோடும் இருக்க வேண்டும். அச்சு விகிதம், அதாவது சுழலும் மின்புலத்தின் மிகப்பெரிய அளவுக்கும் மிகச்சிறிய அளவுக்கும் உள்ள விகிதம், 3 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான எல்லை; வீச்சுகள் சமமாகவே இருந்தாலும், கட்டம் 90இலிருந்து சுமார் 19 பாகை விலகினாலே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறோம். நீளமும் அகலமும் சற்றே வேறுபட்ட செவ்வகப் பீங்கான் கட்டியின் அடியில் 45 பாகை சாய்த்து, ஆற்றலை ஊட்டும் ஒரே பிளவை வைத்தால், அந்த இரு அதிர்வுகளும் சேர்ந்து எஸ்-11ஐ அகலமாகக் காட்டும். அச்சு விகிதமோ அதற்குள் ஒரு குறுகிய இடத்தில் மட்டுமே சரியாக இருக்கும். இரண்டும் ஒருசேரப் பொருந்தும் பகுதியைத்தான் பட்டை என்று சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆற்றலை 90 பாகை கட்ட வேறுபாட்டோடு இரண்டாகப் பிரிக்கும் ஹைப்ரிட் கப்ளர் வழியாக இரு ஃபீட் (ஆற்றல் ஊட்டும் வழி) கொடுத்தால் அச்சு விகிதம் நன்றாக விரியும். ஆனால் அங்கேயும் எஸ்-11 நம்மை ஏமாற்றும்: ஆன்டெனா திருப்பியனுப்பும் ஆற்றலைக் கப்ளரின் நான்காம் முனையிலுள்ள மின்தடை விழுங்கிவிடுவதால், வரைபடம் அழகாகத் தெரியும்போதே வெளியே செல்ல வேண்டிய ஆற்றல் வெப்பமாகிக்கொண்டிருக்கும். ஆதாயத்தையும் (ஒரு திசையில் எவ்வளவு வலுவாக வீசுகிறது என்பது) செயல்திறனையும் (கொடுத்த ஆற்றலில் வெளியே செல்லும் பங்கு) சேர்த்துக் காட்டாத அறிக்கையை நான் முழுமையானதாகக் கருதுவதில்லை.

ஜி.பி.எஸ். அலைகளில் எல்-5 (1176.45 மெகாஹெர்ட்ஸ்) முதல் எல்-1 (1575.42 மெகாஹெர்ட்ஸ்) வரை ஒரே பட்டையில் பிடிக்கவே சுமார் 29 சதவீத அகலம் வேண்டும். செயற்கைக்கோள்கள் தலைக்கு நேர் மேலே மட்டும் நிற்பதில்லை என்பதால், சாய்ந்த கோணங்களிலும் அச்சு விகிதத்தை அளந்தாக வேண்டும்.

இன்னொன்று, பசை. கட்டிக்கும் அதைத் தாங்கும் தரைத்தளத்துக்கும் இடையே மெல்லிய காற்றிடைவெளி இருந்தாலும் அதிர்வெண் மேலே நகரும். என் மாதிரி ஒன்றில் கணிப்பும் அளவீடும் ஒத்துப்போகாமல் பல நாள் ஃபீட்டையே மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் கட்டியைப் பெயர்த்து, அடிப்பக்கத்தைத் தேய்த்துச் சமமாக்கி மீண்டும் ஒட்டிய பிறகுதான் அச்சு விகித வளைகோட்டின் பள்ளம் (மிகக் குறைந்த புள்ளி) கணித்த இடத்துக்கு வந்தது.