கொச்சின் என்று பெயர் வைத்தது பிரிட்டிஷார் அல்ல

தம்பி, உங்கள் பதிவில் "கொச்சி என்ற ஊருக்கு கொச்சின் என்று பேர் வச்சது பிரிட்டிஷ்காரன், சுதந்திரம் கிடைச்சதும் பழைய பேரை மீட்டுட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. ஃபோர்ட் கொச்சியில் குடியிருக்கும் தமிழன் என்பதால் இதை விட மனம் வரவில்லை.

போர்ச்சுகீசியர் 1500-ல் இங்கே கப்பலில் வந்தபோதே ஊரைக் கொச்சிம் என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். கொச்சின் அந்த வழியில் வந்தது. 1503-ல் அவர்கள் கட்டிய கோட்டைக்குத்தான் தங்கள் அரசர் மானுவலின் பெயரைச் சூட்டினார்கள், ஊருக்கு அல்ல. 1663-ல் டச்சுக்காரர் கைப்பற்றினர். பிரிட்டிஷார் வந்ததோ 1795-ல்! அதாவது, பெயர் நிலைத்து ஏறக்குறைய முந்நூறு வருடம் கழித்து.

இந்த மூவரும் அடுத்தடுத்து வந்த தடத்தை நேரில் பார்க்க வேண்டுமானால் இங்கே இருக்கும் செயின்ட் பிரான்சிஸ் தேவாலயத்துக்கு வாருங்கள். 1524-ல் இறந்த வாஸ்கோடகாமாவை முதலில் புதைத்தது அங்கேதான். எலும்புகளைப் பிறகு லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சுவரில் பதித்த கல்லறைக் கற்களில் ஒரு பக்கம் போர்ச்சுகீசிய எழுத்து, எதிர்ப் பக்கம் டச்சு எழுத்து. கத்தோலிக்கக் கோயிலாகத் தொடங்கி, டச்சுச் சீர்திருத்த சபைக்கும் அப்புறம் பிரிட்டிஷாரின் ஆங்கிலிக்கன் சபைக்கும் கைமாறிய கட்டடம் அது. கோட்டை மட்டும் பெரும்பாலும் இடிபட்டுப் போயிற்று.

அலுவல்முறையில் கொச்சி என்று மாறியது 1996-ல். சுதந்திரத்துக்கும் அதற்கும் நாற்பத்தொன்பது வருட இடைவெளி. அதுவரை அரசுப் பதிவுகளில் கொச்சின்தான். நாம் பேசும்போது மட்டும் என்றைக்கும் கொச்சிதான். உங்கள் பதிவைத் திருத்திவிடுங்கள், பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.