இலைக்குள் மடித்த டிஷ்யூ

சாப்பிட்டு முடித்ததும் இலையை நம் பக்கமாக மடிக்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் மடிப்பதற்கு முன்னால் அதற்குள் என்னென்ன வைக்கிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கோயிலின் அன்னதானக் குழுவில் இருக்கிறேன், அதனால் சனிக்கிழமைதோறும் பார்க்கிறேன். கை துடைத்த டிஷ்யூ, பல்குத்தும் குச்சி, பாதித் தண்ணீரோடு பிளாஸ்டிக் கப், பாயசக் கரண்டி. எல்லாவற்றையும் உள்ளே வைத்து, பார்சல் கட்டுவது மாதிரி அழகாக மடித்துவிட்டு எழுந்து போகிறோம். பின்கட்டில் நின்று அந்தப் பார்சலைப் பிரிக்கிறவன் யார் என்று யாரும் யோசிப்பதில்லை. ஒன்றரை வருஷமாக நானும் அதில் ஒருவன்.

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. மிச்சச் சோற்றைத் தொட்டியில் கொட்டுகிறார்கள், அதிலிருந்து வரும் வாயுவில் அந்தப் பக்கம் விளக்கு எரிகிறது. "நம்ம கே.எல்.-ல இதைச் செய்யாம தூங்குறாங்களே" என்று கீழே நாலு பேர். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். ஏனென்றால் நாங்கள் செய்து பார்த்தோம்.

ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, காற்றுப் புகாமல் மூடியது. உள்ளே நடப்பது மாட்டு வயிற்றில் நடப்பதுதான். ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் சோற்றையும் பருப்பையும் உடைத்து அமிலமாக்கும். இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் என்ற எரியும் வாயுவாக்கும். ஆரம்பிக்க மாட்டுச் சாணம் வேண்டும். ரவாங் பக்கத்திலிருந்து நாலு வாளி கொண்டுவந்தோம் (காரில் அந்த வாசம் ஒரு மாதம் இருந்தது, வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை). முதலில் வந்த வாயு பற்றவே இல்லை. நாலாவது வாரம் நீலமாக ஒரு சுடர் நின்றது. அதில் தேத்தண்ணி போட்டுக் குடித்தோம். ஐரோப்பாவில் இந்தத் தொட்டியைச் சூடாக வைத்திருக்கவே வாயுவில் ஒரு பங்கைச் செலவழிக்க வேண்டும். நமக்கு வெயில் இலவசம்.

அப்புறம் புரட்டாசி வந்தது. அன்னதானத்தில் நிறைய மிஞ்சிவிட்டது. வீணாகக் கூடாதே என்று மூன்று வாளி சோறும் பாயசமும் ஒரே நாளில் உள்ளே தள்ளினோம். இரண்டாம் நாள் சுடர் செத்தது. மூடியைத் திறந்தால் ஒரு வாரம் புளித்த தோசை மாவு நாற்றம். அமிலம் போடும் கூட்டம் வேகமானது, அதைத் தின்னும் கூட்டம் நிதானமானது. முதல் பந்தி எழுந்திருக்காதபோதே மூன்று பந்திக்கு ஆளை உள்ளே விட்ட கதை. சுண்ணாம்பு போட்டு, மறுபடி சாணம் போட்டு, பட்டினி போட்டு, தொட்டி பழையபடி சரியாவதற்கு ஒரு மாதம் ஆயிற்று.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வாழை இலை இந்த வயிற்றுக்குச் சரிப்படாது. நாரும் நரம்புமாக மாதக்கணக்கில் அப்படியே மிதக்கும், குழாயை அடைக்கும். இலை உரக்குழிக்குத்தான் போக வேண்டும்.

சரி, காசு கணக்குக்கு வருவோம். பத்து கிலோ சாப்பாட்டுக் கழிவுக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். ஓர் அடுப்பு இரண்டு, மூன்று மணி நேரம் எரியும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது அரைக்கிலோ சிலிண்டர் கேஸுக்குக்கூட ஈடாகாது. வீட்டுக்கு வாங்கும் கேஸ் அரசாங்க மானியத்தில் கிலோ 1 வெள்ளி (ரிங்கிட்) 90 காசு. ஆக, பத்து கிலோ கழிவைப் பிரித்து, அரைத்து, ஊட்டி, கழுவிய கூலி 90 காசுக்கும் கீழே. கோடீஸ்வரர் ஆகலாம் என்று சொல்கிறவர் உங்களிடம் தொட்டி விற்க வந்தவர்.

மின்சாரக் கணக்கும் அப்படித்தான். மலேசியாவில் ஒரு நாளில் வீசப்படும் சாப்பாடு சுமார் 17,000 டன் என்கிறார்கள். ஒரு டன்னுக்கு 200 யூனிட் என்று வைத்து, ஒரு பருக்கை விடாமல் எல்லாவற்றையும் தொட்டிக்குள் போட்டாலும் சுமார் 140 மெகாவாட்தான் வரும். தீபகற்ப மலேசியாவின் உச்ச மின்தேவை 2024-இலேயே 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

அப்படியானால் வேண்டாம் என்கிறேனா? இல்லை. இதை மின்நிலையமாகப் பார்க்காதீர்கள், கழிவறை மாதிரிப் பாருங்கள் என்கிறேன். கழிவறை லாபம் தருகிறதா என்று யாரும் கேட்பதில்லையே.

கோலாலம்பூர் குப்பை தாமான் பெரிங்கின் குப்பை மாற்று நிலையத்துக்குப் போய், அங்கிருந்து பெரிய லோரிகளில் உலு சிலாங்கூரிலுள்ள புக்கிட் தாகார் குப்பைப் புதைகுழிக்குப் போகிறது. குப்பை லோரி போன பிறகு ரோட்டில் ஒரு கோடு ஒழுகியிருக்குமே, அதில் நம் சாம்பாருக்கும் ரசத்துக்கும் பெரிய பங்கு உண்டு. வீட்டுக் குப்பையில் மிகப் பெரிய பங்கு சாப்பாடுதான். புதைத்த சோறு மண்ணுக்குள் அதே மீத்தேனைத்தான் விடும். நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடு பிடிக்கும், இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு. புக்கிட் தாகாரில் குழாய் போட்டு வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் நம் வெயிலில் சோறு குழாய் வரும்வரை காத்திருக்காது, கொட்டிய சில நாளிலேயே அழுகத் தொடங்கிவிடும்.

தொழில்நுட்பம் நமக்குப் புதிதும் இல்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் செம்பனை (பாமாயில்) ஆலையின் கழிவுநீர்க் குளம் ஞாபகம் இருக்கும், காற்று இந்தப் பக்கம் அடித்தால் லயத்து வீடுகளில் யாராலும் பசியாற முடியாது. அந்தக் குளங்களை இப்போது பல ஆலைகளில் மூடி போட்டு வாயு பிடிக்கிறார்கள். 2014 முதல் புதிய ஆலைகளுக்கு அது கட்டாயம். அங்கே ஏன் நடக்கிறது? ஒரே கழிவு, ஒரே குழாயில், டிஷ்யூ இல்லாமல் வருகிறது.

நம் ஊரிலோ 2015 செப்டம்பரிலிருந்து குப்பையைப் பிரிக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் எதைப் பிரிக்கச் சொல்கிறது? தாளை, பிளாஸ்டிக்கை, டின்னை. மிச்சச் சோறு, பிள்ளையின் டயப்பரோடு சேர்ந்து "எஞ்சிய கழிவு" என்று ஒரே பையில் போகிறது. அந்தப் பையை அப்படியே மீத்தேன் எடுக்கும் எந்த இயந்திரத்திலும் போட முடியாது. தென்கொரியாவில் 2005-இல் உணவுக் கழிவைப் புதைக்கத் தடை போட்டார்கள். 2013-இலிருந்து எடைக்கு ஏற்பக் காசு வாங்குகிறார்கள். இயந்திரத்தின் வாய்க்குள் என்ன போகும் என்பதை அங்கே சட்டம் பார்த்துக்கொண்டது. நாம் வாயைப் பற்றிப் பேசாமலே வயிற்றை வாங்க அலைகிறோம்.

என்னைக் கேட்டால், அடுக்குமாடி வீடுகளில் ஆரம்பிக்கவே கூடாது. ஐந்நூறு வீட்டில் ஐம்பது வீடு ஏமாற்றினால் போயிற்று. செலாயாங் மொத்தச் சந்தையில் ஆரம்பியுங்கள். கல்யாண மண்டபங்களில், வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளில், நோன்பு மாத பஃபே போடும் ஹோட்டல்களில் ஆரம்பியுங்கள். கழிவு ஏற்கெனவே ஓரிடத்தில் குவிந்து கிடக்கிறது, பிரிக்க நாலு பேர் போதும். அந்த நாலு பேரும் பெரும்பாலும் பங்களாதேஷ் தம்பிகளாகத்தான் இருப்பார்கள். ஒரே குப்பைத் தொட்டியைக் கொடுத்துவிட்டு "பிரித்துப் போடு" என்றால் அவன் எங்கே போடுவான்? இயந்திரத்துக்கு லட்சக்கணக்கில் மானியம் கேட்கிறவர்கள் அவனுக்கு மூன்று வாளியும், கையுறையும், அந்த வேலைக்குத் தனிச் சம்பளமும் கேட்கட்டும்.

கோயிலில் போன மாதம் கை கழுவும் இடத்தில் மூன்று வாளி வைத்தோம். சாப்பாடு, இலை, மற்றது. பந்தி முடிந்து கூட்டம் வந்தது. முதலில் வந்த அக்கா மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விரலில் முருங்கைக்காய்ச் சக்கையைத் தூக்கிக் காட்டி, "தம்பி, இது எதுல?" என்றார்.

நான் யோசித்துப் பார்க்கவே இல்லை. அது சாப்பாடுதான், ஆனால் நார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

"இலை வாளியில போடுங்கக்கா" என்றேன்.