பள்ளி திறந்தாச்சு என்பதற்கு முன்

புயல் அடித்த மறுவாரமே பள்ளி திறந்துவிட்டது என்று செய்தி வந்தால் கைதட்டிவிடாதீர்கள். அங்கே முகாமில் தங்கியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. டெல்டாவில் முகாம் என்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். 20-க்கு 20 அடி வகுப்பறை என்பது 37 சதுர மீட்டர். ஸ்ஃபியர் என்ற சர்வதேச நிவாரண அளவுகோல்படி ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் என்றால் பத்துப் பேர் படுக்கலாம். நாற்பது பேர் படுத்தால் கழிப்பறையின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்களை வீட்டுக்கு அனுப்பத் தார்ப்பாய் வேண்டும். 10-க்கு 15 அடிக் கூரை வீட்டுக்கே, இரண்டு பக்கச் சரிவும் இறவாரமும் மூட, 18-க்கு 20 அடி ஆகும். சின்னதாகக் கொடுத்தால் ஓரத்தில் ஒழுகும். ஆணியைத் தார்ப்பாயில் நேரடியாக அடித்தால் அடுத்த காற்றில் அந்த ஓட்டையிலிருந்தே கிழியும். சைக்கிள் டியூப் துண்டு வைத்து அடிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இருக்கிறதே.

அடுத்தது தண்ணீர். கஜாவில் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, தொட்டியில் தண்ணீர் இல்லை, பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வருவதும் இல்லை. ஜெனரேட்டர் முதலில் போக வேண்டிய இடம் பள்ளி மோட்டார். தொட்டியைக் கழுவி நிரப்பி, 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிட வேண்டும். மூட்டை பிரித்து நாளான பவுடரில் குளோரின் போயிருக்கும். வாசனையே இல்லையென்றால் அதைப் போட்டும் பயனில்லை.

நனைந்த டி.சி., சாதிச் சான்றிதழை வெயிலில் போடாதீர்கள், இஸ்திரியும் வேண்டாம். தாளுக்குத் தாள் நியூஸ்பேப்பர் வைத்து நிழலில் உலர்த்துங்கள்.

இதெல்லாம் ஒரு மாத வேலை. கஜாவில் விழுந்த தென்னை அப்படியில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பிள்ளையின் பஸ் காசும் ஃபீஸும் காய் விற்ற பணம். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம். அன்று ஆறாவது படித்த பிள்ளை பிளஸ் டூ முடித்ததே 2025-ல்தான். அரசு கொடுத்தது மரத்துக்கு 1,100 ரூபாய். அதில் 500, விழுந்ததை வெட்டி அகற்றும் கூலி.